இருங்காட்டுக்கோட்டை டிராக் டேயில் முன்சக்கர ஸ்டட் முறிந்தது: எங்கே தவறினேன்?

பூந்தமல்லிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் நடந்த டிராக் டேயில், அதாவது சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளில், என் ஸ்விஃப்ட் காரை ஓட்டினேன். தடத்தில் ஓட்டுவது எனக்கு இது இரண்டாவது முறை. முதல் இரண்டு செஷன்களில் எந்தக் குறையும் தெரியவில்லை. மூன்றாவது செஷனின் நான்காம் சுற்றில், நேர்பாதையின் முடிவில் பிரேக் பிடித்தபோது ஸ்டியரிங் நடுங்கியது. டிஸ்க் சூடேறியதால் வரும் நடுக்கம் என்று எண்ணி இன்னொரு சுற்று போனேன். அந்தச் சுற்றில், ஒரு வலப்புற வளைவில் திரும்பும்போது, முன்பக்க இடதுபுறத்திலிருந்து சக்கரம் சுழலும் கணக்கிலேயே 'டக் டக்' என்று ஒலி கேட்டது. கையை வெளியே நீட்டிச் சைகை காட்டி, ஓரமாக ஊர்ந்து பிட்டுக்கு (தடத்தின் ஓரத்தில் வண்டிகளை நிறுத்திச் சரிபார்க்கும் இடம்) வந்து சேர்ந்தேன்.

இறங்கிப் பார்த்தபோது, இடது முன்சக்கரத்தின் நான்கு நட்டுகளில் ஒன்று, அது மாட்டியிருந்த மரைத் தண்டான ஸ்டட்டின் முறிந்த பாதியோடு எங்கோ விழுந்துவிட்டிருந்தது. இரண்டு நட்டுகளை விரலாலேயே திருக முடிந்தது. நான்காவது மட்டும் ஓரளவு பிடித்துக்கொண்டிருந்தது.

பின்னணியையும் சொல்லிவிடுகிறேன். பத்து நாட்களுக்கு முன்புதான் புதிய 15 அங்குல அலாய் வீல்களை வெளிச்சந்தையில் வாங்கி ஒரு டயர் கடையில் மாட்டினேன். அங்கே ஏர் கன்னால் (காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் கருவி) இறுக்கினார்கள். அதன் பிறகு ஏறக்குறைய 60 கி.மீ. ஓட்டியிருப்பேன். டிராக் டே அன்று காலையில் வீல் ஸ்பானரை மாட்டி எல்லா நட்டுகளையும் சோதித்தேன். இடது முன்சக்கரத்தில் ஒரு நட்டு மட்டும் கால் சுற்று நகர்ந்தது. ஸ்பானரின் மீது ஏறி நின்று அதை நன்றாக இறுக்கினேன். மற்றவை நகராததால் அப்படியே விட்டுவிட்டேன்.

இந்தத் தவறு கடையுடையதா, என்னுடையதா? முறிந்த ஒரு ஸ்டட்டை மட்டும் மாற்றினால் போதுமா? அடுத்த முறை டார்க் ரென்ச் (குறித்த அளவு இறுகியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் ஸ்பானர்) வாங்கிக்கொண்டு போய், ஒவ்வொரு செஷன் முடிந்து வந்தவுடனேயே இறுக்கிப் பார்க்கலாமா? நான் திரும்பிய அந்த வளைவின் வெளிப்புறத்தில் கொடியோடு ஒரு மார்ஷல் (தடத்தின் பாதுகாப்பைக் கவனிப்பவர்) நின்றிருந்தார். அந்தச் சக்கரம் கழன்றிருந்தால் அவர் பக்கம்தான் போயிருக்கும். அதனால்தான் இதை முழுமையாகப் புரிந்துகொள்ளாமல் மீண்டும் தடத்தில் இறங்கக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன்.

அம்பத்தூர் லேத் எழுதியது:

தம்பி, நடந்ததை மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. உங்கள் விவரங்களிலேயே பாதிக் காரணம் தெரிகிறது.

முதலில் ஓர் அடிப்படை. சக்கரம் ஸ்டட்டுகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் சக்கரத்தின் உட்பரப்பும், அது மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பின் பரப்பும் ஒன்றோடொன்று அழுந்தியிருப்பதால் உண்டாகும் உராய்வுதான் வண்டியின் பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் தாங்குகிறது. ஸ்டட்டின் வேலை அந்த அழுத்தத்தைக் கொடுப்பது மட்டுமே. நட்டை இறுக்கும்போது ஸ்டட் ஒரு ஸ்பிரிங் போலச் சிறிதளவு நீள்கிறது. மீண்டும் சுருங்க முயலும் அந்த விசைதான் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. 12 மி.மீ. ஸ்டட் ஒன்றை, மரை உலர்ந்து சுத்தமாக இருக்கும் நிலையில், 100 நியூட்டன் மீட்டருக்கு (திருகும் விசையின் அளவு) இறுக்கினால் ஏறக்குறைய நான்கு டன் பிடிவிசை கிடைக்கும். நான்கு ஸ்டட்டுகளும் சேர்ந்து பதினாறு டன் அளவுக்குப் பிடிக்கும்.

இவ்வளவு விசையைத் தரும் ஸ்டட் எவ்வளவு நீள்கிறது என்று கணக்கிட்டால் நீங்கள் வியப்பீர்கள். ஒரு மில்லிமீட்டரை நூறாகப் பிரித்தால் அதில் ஐந்து பங்கு அளவுதான் வரும். நம் தலைமுடியின் பருமன்கூட இதைவிட அதிகம். ஆகவே, சக்கரத்துக்கும் ஹப்புக்கும் இடையே நசுங்கக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. வெளிச்சந்தை அலாய்கள் பலவற்றில் ஹப்போடு பொருந்தும் உட்பரப்பிலும், நட்டு உட்காரும் குழியிலும்கூடப் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் படிந்திருக்கும். பவுடர் கோட்டிங்கின் பருமனே மில்லிமீட்டரில் நூற்றில் ஆறு முதல் பத்துப் பங்கு இருக்கும். ஸ்டட் நீண்டிருக்கும் தூரத்தைவிட அந்தப் பெயின்ட் தடிமனானது. தடத்தில் பிரேக் சூட்டில் அது இளகி நசுங்கிவிட்டால், நட்டு ஒரு சுற்றுகூடக் கழலாமலேயே பிடிவிசை பெருமளவு போய்விடும். டிஸ்க்கின் மேல் படிந்த துருத் தூளும் இதே வேலையைச் செய்யும்; அதைப் பித்தளை பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் சக்கரத்தை மாட்ட வேண்டும்.

இப்போது உங்கள் காலைச் சோதனைக்கு வருகிறேன். உங்கள் எடை 70 கிலோ, ஸ்பானரின் கை 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், நீங்கள் ஏறி நின்றபோது அந்த ஒரு நட்டுக்கு 200 நியூட்டன் மீட்டருக்கும் மேல் போயிருக்கிறது. சிறிய கார்களுக்குக் கையேட்டில் கொடுக்கப்படும் அளவு பெரும்பாலும் 85 முதல் 120 வரைதான். அந்த ஸ்டட் தாங்கும் எல்லையைத் தாண்டி நிரந்தரமாக நீண்டிருக்கக்கூடும். மற்ற மூன்றும் பெயின்ட் நசுங்கித் தளர்ந்தபோது, ஏற்கெனவே சேதமடைந்த அந்த ஒன்றே முழுப் பாரத்தையும் வாங்கியிருக்கிறது. ஹப்பில் எஞ்சியிருக்கும் துண்டின் முறிவுப் பரப்பைப் பாருங்கள். மரத்தின் வளையங்களைப் போல வரிவரியாக, வழுவழுப்பாக ஒரு பகுதி இருந்தால், அது ஒரே அடியில் முறியவில்லை, சுற்றுக்குச் சுற்று விரிசல் வளர்ந்து முறிந்தது என்று பொருள்.

காலையில் ஒரு நட்டு நகர்ந்ததே ஓர் எச்சரிக்கைதான். அதை இறுக்க முனைந்ததை நான் குறை சொல்லவில்லை. அது ஏன் தளர்ந்தது என்று சக்கரத்தைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். கடைக்காரரும் உட்பரப்பைப் பார்த்திருக்க வேண்டும், ஏர் கன்னை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. ஆனால் தடத்தில் ஓட்டப்போகும் வண்டியில் கடைசி இறுக்கம் ஓட்டுநரின் கையால் நடக்க வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த ஹப்பில் உள்ள நான்கு ஸ்டட்டுகளையும் மாற்றுங்கள். தளர்ந்த சக்கரத்தோடு ஓடிய எல்லாமே அடி வாங்கியவைதான். நட்டுகளும் புதிதாகவே இருக்கட்டும். சக்கரத்தின் நட்டுத் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தை இனி எந்தச் சாலையிலும் பயன்படுத்தாதீர்கள்.

செட்டிபாளையத்தார் எழுதியது:

அம்பத்தூர் ஐயா சொன்னதோடு இன்னும் இரண்டைச் சேர்க்கிறேன். கோவையில் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் சில ஆண்டுகளாக போலோ கார் ஓட்டி வருகிறேன். இரண்டையுமே அங்கே பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒன்று, நடுத்துளை. ஸ்விஃப்ட்டின் ஹப்பில் நடுவே எழும்பி நிற்கும் வளையம் 54.1 மி.மீ. விட்டம் கொண்டது. வெளிச்சந்தை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் 73.1 மி.மீ. துளையோடு வருகின்றன. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். பல கடைகளில் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. வளையம் இல்லாதபோது சக்கரத்தை நடுவே நிறுத்துவது நட்டுகள் மட்டுமே. வண்டி தரையில் நிற்க, ஏர் கன்னால் ஒரு பக்கத்து நட்டை முதலில் முழுமையாக இறுக்கிவிட்டால் சக்கரம் ஒரு முடியளவு விலகி உட்கார்ந்துவிடும். இறுகியது போலத் தோன்றினாலும் முதல் பத்துச் சுற்றில் அது தன் இடத்துக்கு நகரும், நட்டுகள் தளரும். சக்கரத்தைத் தூக்கிய நிலையில், எல்லா நட்டுகளையும் கையால் ஓட்டி, எதிரெதிர் வரிசையில் பாதி அளவுக்கு இறுக்கி, பிறகு தரையில் இறக்கி முழு அளவுக்கு இறுக்குவதே சரியான முறை. பிளாஸ்டிக் வளையங்கள் தடத்துச் சூட்டில் உருகிவிடுவதை நானே பார்த்திருக்கிறேன். அலுமினிய வளையம் வாங்குங்கள்.

இரண்டாவது, நட்டு உட்காரும் வடிவம். என் போலோவில் அசல் போல்ட்டுகளின் தோள் உருண்டையாக இருக்கும். ஹோண்டா கார்களின் அசல் நட்டுகளும் அப்படித்தான். வெளிச்சந்தை அலாய்களில் பெரும்பாலும் 60 பாகைக் கூம்பு வடிவக் குழி இருக்கும். உருண்டைத் தோளைக் கூம்புக் குழியில் இறுக்கினால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டுமே இரண்டும் தொடும். டார்க் ரென்ச் 'கிளிக்' என்று சொல்லிவிடும், பிடி இருக்காது. நான் முதல் அலாய் செட் வாங்கியபோது இதே தவறோடு அரை நாள் ஓட்டியிருக்கிறேன். மாலையில் கழற்றியபோது குழிகளின் ஓரம் செதில் செதிலாக உதிர்ந்தது. உங்களுக்கு ஸ்விஃப்ட்டின் அசல் நட்டுகளே கூம்பு வடிவம்தான் என்பதால் இது காரணமாக இருக்காது. ஆனால் கடையில் நட்டுகளையும் மாற்றிக் கொடுத்தார்களா என்று பாருங்கள்.

துருப்பிடிக்காமல் இருக்க மரையில் கிரீஸ் தடவச் சொல்வோரும் இருக்கிறார்கள். கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு அந்த ஆசை வருவது எனக்குப் புரிகிறது. ஆனால் நாம் கொடுக்கும் திருக்கத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது; பத்தில் ஒரு பங்குதான் ஸ்டட்டை நீட்டுகிறது. எண்ணெய் தடவினால் உராய்வு குறைந்து, அதே 100 நியூட்டன் மீட்டரில் ஸ்டட்டின் மீது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் இழுப்பு விழக்கூடும். கையேட்டின் எண் உலர்ந்த மரைக்கானது. சுத்தமாக, உலர்வாக வைத்திருங்கள்.

பூந்தமல்லிக்காரன் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று மாலை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். உட்பரப்பு முழுவதும் கறுப்புப் பெயின்ட். ஹப் தொட்ட இடத்தில் அது வழித்தெடுத்தது போலப் பெயர்ந்து, ஓரத்தில் மேடாக ஒதுங்கியிருந்தது. நடுத்துளையில் வளையம் எதுவும் இல்லை. மற்ற மூன்று சக்கரங்களும் அப்படியேதான் இருந்தன. அவற்றில் நட்டுகள் விழாமல் தப்பியதை இப்போது நினைத்தால் நடுங்குகிறது. முறிந்த ஸ்டட்டில் மூன்றில் இரண்டு பங்கு வழுவழுப்பாகவும், மீதி சொரசொரப்பாகவும் இருக்கிறது. இரண்டு நட்டுத் துளைகள் நீண்டுவிட்டன.

சூடாக இருக்கும்போது இறுக்கலாமா என்ற கேள்விக்கு மட்டும் விடை வேண்டும். செஷன்களுக்கு இடையே இருபது நிமிடம்தான் கிடைக்கிறது.

கொடிமேடை எழுதியது:

பல ஆண்டுகளாகப் பந்தயங்களில் மார்ஷலாகவும், சில வேளைகளில் வண்டிகளைப் பரிசோதிப்பவராகவும் பணியாற்றி வருகிறேன். வளைவின் வெளிப்புறத்தில் நின்ற மார்ஷலை நீங்கள் நினைவில் வைத்திருந்தது எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது. ஆகவே முதலில் அதைப் பற்றி.

டயரோடு சேர்த்து 15 கிலோ எடையுள்ள சக்கரம் 100 கி.மீ. வேகத்தில் கழன்றால், 39 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழும் அதே எடையின் ஆற்றல் அதற்கு இருக்கும். அதோடு அது சுழன்றுகொண்டும் இருப்பதால், தரையில் பட்டதும் மேலும் துள்ளும். 2001 மார்ச் 4 அன்று மெல்போர்னில் நடந்த ஃபார்முலா 1 பந்தயத்தில் இரண்டு கார்கள் மோதியபோது பிய்ந்த சக்கரம் ஒன்று தடுப்பு வேலியின் சிறிய இடைவெளி வழியாகப் பாய்ந்து ஒரு தன்னார்வ மார்ஷலைக் கொன்றது. சக்கரத்தை வண்டியுடலோடு பிணைக்கும் கயிறுகள் அப்போதே ஃபார்முலா 1இல் கட்டாயமாக இருந்தும் அது நடந்தது. அது மோதலின் விளைவு. ஆனால் 2013 ஜூலை 7 அன்று ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் மோதல் எதுவும் இல்லை. மார்க் வெப்பரின் காரில் பின்சக்கரம் சரியாக மாட்டப்படாமலேயே கார் பிட்டிலிருந்து கிளம்பியது. கழன்று உருண்ட அந்தச் சக்கரம் ஓர் ஒளிப்பதிவாளரைத் தாக்கி அவருடைய காறை எலும்பை முறித்தது. அத்தனை கைகளும் கண்களும் உள்ள அணியிலேயே இது நடந்தது. நம் கார்களில் பிணைக்கும் கயிறும் இல்லை.

சூட்டில் இறுக்குவது பற்றி: கையேட்டில் உள்ள அளவு, குளிர்ந்த சக்கரத்துக்கானது. எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அலுமினியம் விரிகிறது. டிஸ்க், ஹப், ஸ்டட், சக்கரம் ஆகிய நான்கும் வெவ்வேறு வெப்பநிலையில் இருக்கும் அந்த நேரத்தில் ரென்ச் காட்டும் எண்ணுக்கும், எல்லாம் ஆறிய பிறகு எஞ்சும் பிடிவிசைக்கும் நேரான தொடர்பு கிடையாது. ஆகவே சூடான நட்டை இறுக்காதீர்கள், பார்வையால் சோதியுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் சரியாக இறுக்கிய பிறகு, ஒவ்வொரு நட்டிலிருந்தும் சக்கரத்தின் மீது நீளும்படி பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். செஷன் முடிந்து வந்ததும் குனிந்து பார்த்தால் எந்தக் கோடு உடைந்திருக்கிறது என்பது நான்கு நொடியில் தெரிந்துவிடும். கோடு நகர்ந்திருந்தால் அடுத்த செஷனை விட்டுவிடுங்கள். ஆறவிட்டு, சக்கரத்தைக் கழற்றிக் காரணத்தைப் பாருங்கள். பெயின்ட் நசுங்கிய பிடிவிசை இழப்பைக் கோடு காட்டாது என்பதால், மதிய இடைவேளையில் முழுவதுமாக ஆறிய பிறகு ஒருமுறை டார்க் ரென்ச்சால் சோதித்தே ஆக வேண்டும். 'கிளிக்' ஒருமுறை கேட்டால் போதும். உறுதிப்படுத்திக்கொள்ள மீண்டும் மீண்டும் இழுப்பவர்கள் தங்களை அறியாமலேயே அதிகமாக இறுக்கிவிடுகிறார்கள். நட்டைக் கழற்றுவதற்கு அந்த ரென்ச்சைப் பயன்படுத்தாதீர்கள். வேலை முடிந்ததும் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

இன்னொன்று. நடுக்கம் வந்ததும் 'டிஸ்க் சூடு' என்று எண்ணி ஒரு சுற்று கூடுதலாகப் போனீர்கள். பரிசோதனை மேசையில் நான் மீண்டும் மீண்டும் கேட்கும் வாக்கியம் அதுதான். டிஸ்க்கால் வரும் நடுக்கம் பெரும்பாலும் பிரேக்கை விட்டதும் அடங்கிவிடும். பிரேக்கை விட்டும் தொடர்ந்தால், அல்லது வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடினால், சக்கரத்தையோ பேரிங்கையோ சந்தேகப்பட வேண்டும். வலப்புறம் திரும்பும்போது பாரம் இடப்பக்கச் சக்கரங்களுக்குப் போகிறது. உங்களுக்கு ஒலி அந்த வளைவில் கேட்டது அதனால்தான். எந்த நடுக்கமானாலும் அந்தச் சுற்றிலேயே பிட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு செஷனை இழந்ததற்காக எந்த மார்ஷலும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்.

டயர் அழுத்தம் எழுதியது:

நட்டுகளைப் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார்கள். வீடு திரும்பும் வழியைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன்.

காலையில் 30 பாகை வெப்பத்தில் 32 பி.எஸ்.ஐ. வைத்த டயரின் உட்காற்று தடத்தில் 80 பாகைக்கு ஏறினால், அழுத்தம் 40ஐ நெருங்கும். பிடிப்புக் குறைவதை உணர்ந்து நாம் காற்றை இறக்குவோம். சூட்டில் 32க்கு இறக்கிய அதே டயர் மாலையில் ஆறியதும் 25 அளவுக்கு விழுந்துவிடும். அதோடு குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு பெங்களூரு நெடுஞ்சாலையில் 100இல் போகும்போது பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடேறி வெடிக்கக்கூடும். தடத்தில் எதுவும் நடக்காமல், திரும்பும் வழியில் டயர் வெடித்த ஒரு நண்பரின் வண்டிக்குப் பின்னால் நான் வந்துகொண்டிருந்தேன். கையடக்கக் காற்றுப் பம்ப் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். கிளம்பும் முன் நான்கு டயர்களுக்கும் காற்றை நிரப்புங்கள், அதே கையோடு நட்டுகளையும் ஒருமுறை பாருங்கள்.

உங்கள் சக்கரங்களில் ஒன்று போகிறது என்பதால் பழைய அலாய் ஒன்றை வாங்கிச் சேர்க்க நினைக்கலாம். வளைந்ததை நெருப்பில் சுடவைத்து நிமிர்த்திய அலாய்களும், விரிசலைப் பற்றவைத்த அலாய்களும் மெருகேற்றப்பட்டுப் புதிதுபோலவே விற்கப்படுகின்றன. அலாய்க்கு அதன் வலிமையைத் தருவது தொழிற்சாலையில் கட்டுப்பாட்டோடு செய்யப்படும் வெப்பப் பதம். நெருப்பில் சுட்டால் அந்தப் பதம் போய்விடும். சாலையில் அது சில ஆண்டுகள் தாங்கலாம். தடத்துக்கு வேண்டவே வேண்டாம். உங்களிடம் இருக்கும் மூன்றின் உட்புறத்தையும், ஆரங்களின் பின்பக்கத்தையும் கழுவி, வெளிச்சத்தில் விரிசலுக்காகப் பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கங்களையும் படித்துவிடுங்கள். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு வயதான டயரோடு நான் தடத்தில் இறங்க மாட்டேன்.

பூந்தமல்லிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முடிவு செய்தவற்றை எழுதிவிடுகிறேன். வெளிச்சந்தை அலாய்கள் நான்கையும் கழற்றிவிட்டு, காரோடு வந்த அசல் சக்கரங்களையே மாட்டுகிறேன். இரு முன் ஹப்களிலும் எட்டு ஸ்டட்டுகளையும் நட்டுகளையும் மாற்றச் சொல்லியிருக்கிறேன். இடது முன் பேரிங்கை, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்து, ஆட்டம் இருக்கிறதா என்று மெக்கானிக் பார்த்தார். ஆட்டம் இல்லை. டார்க் ரென்ச் வாங்கியாகிவிட்டது. பெயின்ட் பேனாவும் வாங்கியாகிவிட்டது.

டயர் கடைக்கும் நேற்றுப் போய், பெயின்ட் பெயர்ந்த சக்கரத்தையும் முறிந்த ஸ்டட்டையும் மேசைமேல் வைத்துக் காட்டினேன். இதே மாடல் சக்கரத்தை இந்த மாதம் வேறு யாருக்கெல்லாம் மாட்டினீர்கள் என்று கேட்டேன். உரிமையாளர் பதிவேட்டை எடுத்து, என் முன்னாலேயே ஒவ்வொருவராகத் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார். நான் வெளியே வரும்போது மூன்றாவது வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்.